மறதி நோயுள்ள முதியவரோடு பாட்டும் கோலமும் கதையும்: வீட்டிலேயே செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

மறதி நோய் வந்த ஒருவரைப் பார்க்க வரும் உறவினர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "என்னைத் தெரியுதா? நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்பதுதான். பாசத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் கேட்கப்படுபவருக்கு அது ஒரு பரீட்சை. ஒவ்வொரு முறையும் தோற்கப்போகிறோம் என்று அவருக்கே உள்ளூரத் தெரிந்த பரீட்சை. கலைவழிச் சிகிச்சைகள் என்று இன்று அழைக்கப்படும் இசை, ஓவியம், அசைவு, கதை ஆகிய முறைகளின் அடிப்படை, பரீட்சை எதுவும் வைக்காமல் அந்த முதியவரோடு அரைமணி நேரம் இருப்பதற்கு ஒரு வழி தேடுவதுதான். இந்த வழிகாட்டியில் உள்ள மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டாலும், "ஞாபகம் இருக்கா?" என்ற கேள்வியை வீட்டிலிருந்து அகற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

2023ஆம் ஆண்டு வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்றின் கணிப்புப்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனப்படும் இந்த மறதி நோய் இருக்கிறது. இவர்களில் மிகப் பெரும்பாலோரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் மனைவி, மகள், மருமகள், மகன் ஆகியோரும், மாதச் சம்பளத்துக்கு வரும் பராமரிப்பாளர்களும்தான். இது அவர்களுக்காக எழுதப்பட்டது. இசைச் சிகிச்சையாளரும் ஓவியச் சிகிச்சையாளரும் அதற்கென்று தனியாகப் படித்துப் பயிற்சி பெற்றவர்கள். வீட்டில் நாம் செய்வதை அந்தப் பெயரால் அழைக்கக்கூடாது. ஆயினும் அவர்கள் கைக்கொள்ளும் நெறிமுறைகளில் பலவற்றை, அவசரப்படாத யாரும் வீட்டில் பின்பற்றலாம்.

எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக்கூடாது

வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் சில காணொளிகளில், பாட்டைக் கேட்டதும் தலைகவிழ்ந்து கிடந்த மூதாட்டி எழுந்து உட்கார்ந்து, பழைய ஆளாகப் பேசத் தொடங்குகிறார். அப்படி நடப்பதுண்டு. ஆனால் அந்தக் காணொளி முடிந்து ஒரு மணி நேரம் கழித்து என்ன நடந்தது என்பதை யாரும் பதிவு செய்வதில்லை. இசை சார்ந்த சிகிச்சைகளைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, குறைந்தது ஐந்து அமர்வுகளாவது கொண்ட சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அலசியது. அதன்படி, மனச்சோர்வின் அறிகுறிகள் குறையக்கூடும். நடத்தைச் சிக்கல்கள் பொதுவில் ஓரளவு தணியக்கூடும். ஆனால் நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் மேம்படுவதாகச் சொல்ல முடியவில்லை. ஓவியச் சிகிச்சையைப் பற்றிய ஆய்வுகளோ இன்னும் மிகச் சொற்பம். ஆகவே "தினமும் பாட்டுப் போட்டால் மறதி குணமாகும்" என்று யார் சொன்னாலும், அவர் எதையோ விற்க வந்திருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம். குளிப்பாட்டும்போது நடக்கும் போராட்டம் குறைவது, மாலை நேரப் பதற்றம் அடங்குவது, ஒரு மகள் தன் அம்மாவோடு சண்டையில்லாமல் அரைமணி நேரம் உட்கார முடிவது ஆகியவைதான் இதில் கிடைக்கக்கூடிய பலன்கள். பராமரிப்பில் ஈடுபட்டவர்களுக்கு இவை சிறிய விஷயங்களாகத் தோன்றாது.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்குச் சுருக்கமான விளக்கம் உண்டு. நினைவு என்பது ஒரே பெட்டியில் அடைத்து வைக்கப்பட்ட ஒன்றன்று. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதைப் பதிய வைக்கும் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியைத்தான், டிமென்ஷியாவில் மிகப் பரவலான வகையான அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்குகிறது. கைப்பழக்கமாக ஊறிப்போன செயல்களைக் காக்கும் அமைப்புகள் அதன்பின் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கின்றன. 2015இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள், நெடுநாள் பழகிய பாட்டை அடையாளம் காண உதவும் மூளைப் பகுதிகளைக் கண்டறிந்து, அல்சைமர் நோயாளிகளிடம் அதே பகுதிகள் மற்றப் பகுதிகளைவிடக் குறைவாகவே சுருங்கியிருப்பதை எடுத்துக்காட்டினார்கள். பேரன் பெயர் மறந்துபோன பாட்டி, பல்லவி தொடங்கியதும் அனுபல்லவியைத் தானே எடுத்துப் பாடுவதன் பின்னணி இதுதான்.

1. முதலில் மருத்துவர், பிறகு காது, பிறகு கண்

எல்லா மறதியும் டிமென்ஷியா அல்ல. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நேற்றுவரை சாதாரணமாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால், சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைவோ காரணமாக இருக்கலாம். அந்த நிலையில் பாட்டையும் படத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

எந்த வகை டிமென்ஷியா என்பதையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செய்யப்போகும் செயலை அது மாற்றும். லூயி பாடி வகையில் இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிவது வழக்கம் என்பதால், அடர்த்தியான பூவேலைத் துணியும் சிக்கலான படங்களும் அவரைக் கலவரப்படுத்தலாம். பக்கவாதத்தை ஒட்டி வந்த மறதியில் ஒரு பக்கப் பார்வையோ ஒரு கையோ செயல்படாமல் இருக்கலாம்; பொருட்களை எந்தப் பக்கம் வைப்பது என்பது அங்கே முக்கியமாகிறது. ஃப்ரான்டோடெம்போரல் வகையில் நினைவைவிட நடத்தையும் பேச்சும்தான் முதலில் மாறும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள், அதைத் தடுக்கத் தேவையில்லை.

காதில் அழுக்கு அடைத்திருப்பதும், கண்புரை முற்றியிருப்பதும், மூக்குக் கண்ணாடி எங்கோ அலமாரியில் கிடப்பதும், வீட்டார் "எதிலும் ஆர்வமில்லை" என்று சொல்லும் பலரிடம் காணப்படும் குறைகள். இவற்றைச் சரிசெய்யாமல் பாட்டுப் போட்டுப் பயனில்லை.

2. ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பு எழுதுங்கள்

அமெரிக்க முதியோர் மருத்துவர் ராபர்ட் பட்லர், முதியவர்கள் பழைய கதையையே பேசுவதை மூளை தளர்ந்ததன் அடையாளமாகப் பார்த்த காலத்தில், அது வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துச் சீர்தூக்கும் இயல்பான செயல் என்று 1963இல் எழுதினார். நினைவலைச் செயல்பாடுகள் என்று பின்னர் வளர்ந்த துறைக்கு அவருடைய கட்டுரை ஒரு தொடக்கம். நமக்கு அதிலிருந்து கிடைக்கும் வேலை எளிது: அவருடைய கதையை அவரிடம் கேட்காமல், அவரைத் தெரிந்த மற்றவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது.

பொதுவாக மனிதர்களுக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவையே மிக அழுத்தமாகப் பதிந்திருக்கும். 1944இல் பிறந்தவருக்கு அது 1954 முதல் 1974 வரையிலான காலம். அப்போது அவர் எந்த ஊரில் இருந்தார், வீட்டில் வானொலி இருந்ததா அல்லது திருவிழாவில் கட்டிய ஒலிபெருக்கியில்தான் பாட்டுக் கேட்டாரா, டூரிங் டாக்கீசுக்குப் போகும் பழக்கம் உண்டா, இலங்கை வானொலியில் எந்த நேரத்து நிகழ்ச்சியைக் கேட்பார் என்று விசாரியுங்கள். கையால் என்ன வேலை செய்தார் என்பது அதைவிட முக்கியம். தறி நெய்தவர், தையல்காரர், கணக்கெழுதியவர், பள்ளி ஆசிரியை, நாற்று நட்டவர் என ஒவ்வொருவர் கைக்கும் ஒரு பழக்கம் இருக்கும். எந்தப் பொருளைக் கொடுக்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். முப்பது ஆண்டுகள் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தவருக்கு வண்ணப் பென்சில் ஓர் அந்நியப் பொருள். துணித்துண்டுகளைக் கொடுத்தால் அவர் விரல்கள் ஓரத்தைத் தாமாகவே மடிக்கத் தொடங்கும்.

தொடக்கூடாத இடங்களையும் இதே தாளில் குறித்து வையுங்கள். இறந்துபோன பிள்ளைக்குப் பிடித்த பாட்டு எது, எந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் முகம் மாறும், எந்த உறவினரின் புகைப்படம் வேண்டாம் என்பவை குடும்பத்துக்குத்தான் தெரியும். போரில் வீட்டையும் உறவுகளையும் இழந்து வந்த ஈழத் தமிழ் முதியவருக்கு ஊர் நினைவு ஆறுதலாகவும் அமையலாம், பழைய பயத்தைக் கிளறவும் செய்யலாம். அங்கே படிப்படியாகத்தான் போக வேண்டும்.

3. நேரமும் இடமும்

பெரும்பாலானோர் காலை உணவுக்குப் பிறகு தெளிவாக இருப்பார்கள். மாலை நான்கு மணிக்குமேல் பதற்றம் கூடுவது பலரிடம் காணப்படுவதால், புதிய செயல்களை அந்த நேரத்தில் தொடங்கக்கூடாது. பழகிய பாட்டு மட்டும் போதும். இருபது முதல் முப்பது நிமிடம் நல்ல அளவு. ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டாலும் பாதகமில்லை.

தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். மேசைமேல் அன்றைய செயலுக்கு வேண்டிய பொருளைத் தவிர வேறு எதுவும் இருக்க வேண்டாம். வெள்ளை மேசைவிரிப்பில் வெள்ளைத்தாளை வைத்தால் தாளின் விளிம்பு அவருக்குத் தெரியாது. கருநீலத் துணியோ கறுப்புத் தட்டோ கீழே இருந்தால் தெரியும். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்காதபடி உட்கார வையுங்கள். நீங்கள் எதிரில் நிற்காமல் பக்கத்தில், அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். எதிரில் நின்று குனிந்து பேசினால் அவருக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வரும்.

4. பாட்டு

ஒரே ஒரு செயலுக்குத்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால் இசையைத் தேர்ந்தெடுங்கள். செலவு குறைவு, சான்று அதிகம், நோய் முற்றிய பிறகும் எஞ்சி நிற்பது இதுவே.

வாழ்க்கைக் குறிப்பை வைத்துப் பதினைந்து, இருபது பாடல்கள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள். திரைப்பாடல் மட்டும் போதாது. பள்ளியில் பாடியது, கோயிலில் ஓதியது, வயலில் பாடியது, தாலாட்டு, பஜனை, மாதா கோயில் கீர்த்தனை, மீலாது விழாவில் கேட்டது என்று அவர் வளர்ந்த சூழலுக்குள் தேடுங்கள். ஒவ்வொரு பாட்டையும் தனியாக ஒலிக்கவிட்டு, திரையைப் பார்க்காமல் அவரைப் பாருங்கள். கால் கட்டைவிரல் அசைவது, புருவம் உயர்வது, மூச்சு நிதானமாவது, உதடு சொற்களைத் தேடுவது எல்லாம் "ஆம்" என்பதற்கு அடையாளம். தலையைத் திருப்புவது, சேலை நுனியைப் பிடித்துக் கசக்குவது, "போதும்" என்று சொல்லாமலே எழப் பார்ப்பது எல்லாம் "வேண்டாம்". உங்களுக்குப் பிடித்த பாட்டு அவருக்குப் பிடிக்காமல் போனால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பக்திப் பாட்டு என்றால் எல்லா முதியவருக்கும் பிடிக்கும் என்ற எண்ணம் நம்மிடையே உறுதியாக இருக்கிறது. வாழ்நாள் முழுதும் கோயில் பக்கம் போகாதவரையும் காலை முதல் சுப்ரபாதத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

யூடியூபில் நேரடியாகப் போடுவதைத் தவிர்க்கவும். உருக்கமான சரணத்துக்கு நடுவில் உரத்த குரலில் விளம்பரம் வந்து விழுந்தால், அவருக்கு அது வீட்டுக்குள் யாரோ கத்தியது போலத்தான் கேட்கும். பாடல்களைப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம். அல்லது பழைய பாடல்கள் ஏற்கெனவே பதியப்பட்ட, வானொலிப் பெட்டி வடிவில் வரும் கார்வான் போன்ற கருவியைப் பயன்படுத்தலாம். திருகும் பொத்தான் உள்ள பெட்டி அவர் தலைமுறைக்குப் பழக்கமானது என்பது கூடுதல் வசதி. ஒலியளவு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேச முடிகிற அளவில் இருக்கட்டும். நாள் முழுக்க ஓடவிடக்கூடாது. ஓயாமல் ஒலிக்கும் இசை சிறிது நேரத்தில் இரைச்சலாகிவிடும்.

அடுத்த கட்டம் சேர்ந்து பாடுவது. வயதானவர்களின் குரல் இறங்கியிருக்கும், மூச்சு குறைந்திருக்கும். அசல் பாட்டின் சுருதியில் பாடச் சொன்னால் முதல் வரியிலேயே தயங்கி நின்றுவிடுவார்கள். ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, நீங்களே இரண்டு, மூன்று கட்டைச் சுருதி குறைத்து மெதுவாகத் தொடங்குங்கள். வரியின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் விட்டு ஒரு கணம் காத்திருங்கள். பெரும்பாலும் அந்தச் சொல் அவரிடமிருந்து வரும். வராவிட்டால் நீங்களே இயல்பாகப் பாடிக் கடந்து போங்கள். "என்னம்மா, அடுத்த வரி மறந்துட்டீங்களா?" என்று கேட்டால், கதவுவழியே அனுப்பிய பரீட்சை ஜன்னல்வழியே திரும்பி வந்துவிடும். அவர் சொற்களை மாற்றிப் பாடினாலும் ஒரே பல்லவியில் சுற்றிக்கொண்டிருந்தாலும் கூடவே போங்கள். சங்கீதம் முறையாகக் கற்றவர்களிடம் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும்: தாளம் தவறினால் அவர்களுக்கே தெரியும், வலிக்கும். அவர்களைப் பாடச் சொல்வதைவிட, நீங்கள் பாடி அவர்களைத் தாளம் போடச் சொல்வது நல்லது. உங்கள் தவறைத் திருத்தும் இடத்தில் அவர்களை உட்கார வைத்தால் இன்னும் நல்லது.

பாட்டை அன்றாட வேலைகளோடும் இணைக்கலாம். குளிக்க மறுப்பவரிடம் "வாங்க குளிக்கலாம்" என்பதற்கு முன்பே, தினமும் அதே பாட்டைத் தொடங்கி, அதைப் பாடிக்கொண்டே கையைப் பிடித்து நடத்திச் செல்வது பல வீடுகளில் பலன் தருகிறது. நோய் முற்றிப் பேச்சு நின்றுவிட்ட கட்டத்தில், அவர் மூச்சின் வேகத்துக்கு ஏற்ப முணுமுணுத்து, மெல்ல அந்த வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் மூச்சும் பலசமயம் கூடவே தணியும். தாலாட்டு மெட்டு இதற்கு மிகப் பொருத்தமானது.

5. கைக்கு வேலை: கோலம், பூ, வண்ணம்

தமிழ் வீடுகளில் ஓவியச் சிகிச்சைக்கு வண்ணக்குழம்பைத் தேடிப் போவதற்கு முன்னால் கோலமாவு டப்பாவைத் திறந்து பார்க்கலாம். ஆயிரக்கணக்கான விடியற்காலைகளில் செய்த செயல், வடிவத்தை மனம் மறந்த பிறகும் விரலில் இருக்கும்: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவைப் பிடிப்பதும், நடுவிரல் அணைகொடுக்க அது இழையாக இறங்குவதும், இழை முடியும் இடத்தில் விரல்கள் சட்டென்று மூடிக்கொள்வதும் அவர் யோசித்துச் செய்வன அல்ல.

வாசலில் குனிந்து போட வேண்டாம். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் எல்லாம் முடிந்தது. விளிம்புள்ள பெரிய கறுப்புத் தட்டையோ, கறுப்புச் சாயம் பூசிய பலகையையோ மேசைமேல் வையுங்கள். கல்மாவு வேண்டாம், பச்சரிசி மாவு போதும்; வாயில் போட்டுக்கொண்டாலும் பெரிய தீங்கில்லை. தொடக்க நிலையில் உள்ளவருக்கு ஐந்து புள்ளி, ஏழு புள்ளி வைத்துக் கொடுத்தால் இணைத்துவிடுவார். இடைநிலையில் இடஉணர்வு குறைந்து, சுழிக்கோலம் பாதியில் சிக்கிக்கொள்ளும். அப்போது நீங்கள் கோடு போட்டு அவர் உள்ளே வண்ணப்பொடி தூவுமாறு மாற்றலாம், அல்லது நேர்க்கோடுகளால் ஆன படிக்கோலத்துக்குப் போகலாம். அதற்குப் பிறகு, வெறுமனே மாவை அளைந்து தடவுவதே போதும். கோலம் கோணலாக வந்தால் திருத்தாதீர்கள். பார்க்க வந்தவர் திருத்தக் கை நீட்டினால் அந்தக் கையைத் தடுத்து நிறுத்துங்கள்.

பூத்தொடுப்பதும் இத்தகையதே. வாழைநாரை நனைத்து, இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ வைத்துச் சுற்றி முடிச்சிடுவதற்கு ஊசி தேவையில்லை என்பதால் ஆபத்து குறைவு. முடிச்சு கைவராதபோது, உதிர்ந்த பூவைப் பொறுக்கிப் பிரிப்பதும், தொடுப்பவருக்கு இரண்டிரண்டாக எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலையாகட்டும். பூக்கட்டும் வீடுகளில் அந்த வேலைக்கும் எப்போதும் ஆள் உண்டு. மல்லி, முல்லை, சாமந்தி போன்றவை போதும். அரளியும் ஊமத்தையும் நச்சுள்ளவை; சாமிக்கு வாங்கிய அரளி மேசையில் கிடக்கக்கூடாது. பாசிமணியும் கொட்டைகளும், எதையும் வாயில் போடும் நிலையில் உள்ளவருக்கு மூச்சடைப்பு ஆபத்தைத் தரும்.

ஆண்களுக்கு என்ன செய்வது என்று பல குடும்பங்கள் திகைக்கின்றன. உப்புத்தாளால் மரத்துண்டைத் தேய்ப்பது, களிமண் பிசைவது, பழைய தபால்தலைகளையும் நாணயங்களையும் வகை பிரிப்பது, பேரேட்டுத் தாளில் வரிசையாக எண்கள் எழுதுவது போன்றவை அவர்கள் வாழ்ந்த வேலையிலிருந்தே வரலாம்.

வண்ணம் தீட்டுவதானால் தடித்த தூரிகை, தண்ணீரில் கரையும் நச்சில்லா வண்ணம், ஒரு சமயத்தில் இரண்டு அல்லது மூன்று நிறம் மட்டும். தண்ணீர் வைக்கும் குவளை, அவர் காபி குடிக்கும் டம்ளரைப் போல இருக்கக்கூடாது, குடித்துவிடுவார். குழந்தைகளின் வண்ணப் புத்தகத்தைக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. முயல் படத்துக்கு வண்ணம் அடிக்கச் சொல்லப்பட்ட ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு, தாம் எப்படிப் பார்க்கப்படுகிறோம் என்பது புரியும். அந்த உணர்வு மறதியில் சீக்கிரம் அழிவதில்லை.

6. கதை கட்டுவது

1990களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் முதியோர் இல்லமொன்றில், ஆன் பாஸ்டிங் என்ற நாடகத்துறை ஆய்வாளர், மறதியுள்ளவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டு நாடகமாக்க முயன்றார். எதுவும் நடக்கவில்லை. ஒருநாள் வார இதழிலிருந்து சிகரெட் விளம்பரத்தில் இருந்த குதிரைக்காரன் படத்தைக் கிழித்து எடுத்துப் போய், "நினைவுபடுத்த வேண்டாம், இவனைப் பற்றி ஒரு கதை கட்டுவோம்" என்றார். அன்று அவர்கள் நிறுத்தாமல் கதை சொன்னார்கள், பாடினார்கள், சிரித்தார்கள். அதிலிருந்து உருவான டைம்ஸ்லிப்ஸ் முறை பல நாடுகளுக்குப் பரவியது. 2016இல் பாஸ்டிங்குக்கு, படைப்பாற்றல் மிக்கவர்களுக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் மெக்கார்தர் நிதிநல்கை கிடைத்தது. ஞாபகத்துக்குப் பதில் கற்பனையைக் கேட்டால் தவறான விடை என்று ஒன்று இருக்க முடியாது. இந்த ஒரே மாற்றம்தான் அந்த முறையின் வலிமை.

வீட்டில் செய்ய வேண்டியது இது. குடும்ப ஆல்பத்தை எடுக்காதீர்கள். அதில் இருப்பவர்களை அடையாளம் காண வேண்டிய கடமை வந்துவிடும். பழைய காலண்டரோ வார இதழோ பார்த்து, யாரென்று யாருக்கும் தெரியாத, சற்று வேடிக்கையான படத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் கேரியரில் ஆட்டை உட்கார வைத்துக்கொண்டு போகும் பெரியவர் படம் என்று வைத்துக்கொள்வோம்.

"இவருக்கு என்ன பேர் வைக்கலாம், பாட்டி?"
"மாணிக்கம்."
"மாணிக்கம் எங்கே போறார்?"
"கல்யாணத்துக்கு."
"யாருக்குக் கல்யாணம்?"
"அதுக்குத்தான்" என்று ஆட்டைக் காட்டுகிறார்.

சொன்னதைச் சொன்னபடியே பெரிய எழுத்தில் எழுதி, அவ்வப்போது தொடக்கத்திலிருந்து உரக்கப் படித்துக் காட்டுங்கள். "ஆட்டுக்கு எப்படிக் கல்யாணம்?" என்று தர்க்கம் பேச வேண்டாம், பொண்ணு எந்த ஊர் என்று கேளுங்கள். பொருளற்ற ஓசை வந்தால் அதையும் எழுதுங்கள். ஒரு கேள்வி கேட்டபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். நம்முடைய அவசரத்தில் இரண்டாவது கேள்வியைப் போட்டுவிடுவதால்தான் பாதிப் பதில்கள் வெளிவருவதில்லை. கதையைத் தேதி போட்டு ஒரு நோட்டில் ஒட்டி வைத்தால், பார்க்க வருபவர்களுக்கு "என்னைத் தெரியுதா?" என்பதற்குப் பதிலாகப் படிப்பதற்கு ஒன்று கிடைக்கும்.

7. அசைவு

நாற்காலியில் உட்கார்ந்தபடியே கும்மி மெட்டுக்குக் கைதட்டலாம். இலேசான குச்சிகளைக் கொண்டு எதிரில் உட்கார்ந்தவரோடு கோலாட்டம் தட்டலாம். நீளமான துணியின் இரு முனைகளை இருவர் பிடித்து அசைக்கலாம். சக்கரமில்லாத, கைப்பிடியுள்ள நாற்காலி வேண்டும். எழுந்து ஆட விரும்பினால், மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சரி என்ற பிறகு, ஒருவர் பக்கத்தில் நிற்க ஆடட்டும்.

8. கவனித்து எழுதி வைப்பது

நோட்டில் நான்கு வரி போதும்: என்ன செய்தோம், எவ்வளவு நேரம் இருந்தார், முகமும் கையும் எப்படி இருந்தன, அடுத்த இரண்டு மணி நேரம் எப்படிக் கழிந்தது. கடைசி வரிதான் மிகவும் பயன்படும். எந்தப் பாட்டு தூக்கத்தைத் தருகிறது, எது பதற்றத்தைக் கூட்டுகிறது என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும்.

போன மாதக் கோலத்தையும் இந்த மாதக் கோலத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். வில்லியம் அட்டர்மோலன் என்ற ஓவியர், 1995இல் அல்சைமர் நோய் என்று உறுதியான பிறகும் தம் முகத்தைத் தாமே தொடர்ந்து வரைந்தார். அந்தப் படங்களை வரிசையாக அடுக்கி, நோய் எப்படி ஒருவரைச் சிதைக்கிறது என்று காட்டுவது இணையத்தில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த வரிசையில் தெரிவது வேறு: கோடு கலைந்த பிறகும் ஒருவர் வரைய உட்கார்ந்திருக்கிறார்.

9. சறுக்கும் நாட்கள்

பாட்டின் நடுவில் அழுதால் உடனே நிறுத்திச் சிரிக்க வைக்க முயல வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். அழுகை தானாக அடங்கி, முகம் இலேசாகிவிட்டால் அந்தப் பாட்டு பட்டியலில் இருக்கலாம். அழுகை பயமாக மாறினால் மட்டும் நிறுத்தி, வேறு அறைக்கு அழைத்துச் செல்லுங்கள். "வீட்டுக்குப் போகணும்" என்று எழுந்தால், "இதுதானே வீடு" என்று வாதாடுவதால் பயனில்லை. அந்த வீட்டில் என்ன மரம் இருந்தது என்று கேட்டுக்கொண்டே சிறிது தூரம் கூட நடக்கலாம். "எனக்கு இதெல்லாம் வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பூவைத் தொடுத்துக்கொண்டிருங்கள், பார்த்துக்கொண்டிருப்பதும் பங்கேற்பதே. நாளைக்கு அவர் கை நீளலாம்.

அடிக்கும் அளவுக்கு ஆவேசம், தொடர்ந்த தூக்கமின்மை, சாப்பிட மறுப்பது ஆகியவை கலையால் சமாளிக்க வேண்டியவை அல்ல. வலி, மலச்சிக்கல், தொற்று ஏதேனும் இருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

10. உதவியும் ஒப்படைப்பும்

1992இல் கேரளத்தில் தொடங்கப்பட்ட இந்திய அல்சைமர் சங்கத்துக்குப் பல நகரங்களில் கிளைகள் உள்ளன. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் டெம்கேர்ஸ் என்ற பெயரில் டிமென்ஷியா பராமரிப்பு மையத்தை நடத்துகிறது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸிலும் இதற்கான மருத்துவப் பிரிவு உண்டு. மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567. பராமரிப்பவருக்கே மனம் தளர்ந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் 14416இல் பேசலாம். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் கிடைத்தால், அவர் என்ன படித்தார், டிமென்ஷியா உள்ளவர்களோடு வேலை செய்திருக்கிறாரா, அமர்வுகளைக் குறிப்பெடுக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். குணப்படுத்துவேன் என்று உறுதி தருபவரைத் தவிருங்கள்.

வீட்டுப் பராமரிப்பாளர் மாறும்போதும், முதியவர் மருத்துவமனையில் சேர்க்கப்படும்போதும் இத்தனை நாள் கற்றது அனைத்தும் ஒரே நாளில் தொலைந்துவிடக்கூடும். ஆகவே அந்த ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பையும், வேலை செய்யும் ஐந்து பாடல்களையும், தொடக்கூடாத விஷயங்களையும், அவரை எப்படி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார் என்பதையும் ஒரே தாளில் எழுதி, மருந்துச் சீட்டுக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். பாடல்கள் உள்ள பென் டிரைவை அதே கோப்பில் ஒட்டிவிடலாம். வார்டில் இரவுப் பணியில் இருக்கும் செவிலியரிடம் அந்தத் தாளை நேரில் காட்டி, "இவரைப் பாட்டி என்று கூப்பிடாதீர்கள், டீச்சர் என்று கூப்பிடுங்கள்" என்பது போன்ற முக்கியமான ஒன்றை மட்டும் வாய்மொழியாகவும் சொல்லிவிட்டு வாருங்கள்.